பேசக்கூடாத ஒரு மணி நேரம்

பொலிவியாவின் ஓரூரோ நகரச் சந்தையில், தகரக்கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் சுல்மா உட்கார்ந்திருக்கிறாள். முதலாண்டு ஆய்வுப் பாடத்தின் பயிற்சி இது: ஒரு மணி நேரம் சந்தையைக் கவனித்து எழுத வேண்டும், யாரிடமாவது பேசினால் செல்லாது. படிக்க இந்த நகரத்துக்கு வந்ததிலிருந்து அவளிடம் யாரும் தானாகப் பேசியதில்லை. இப்போது ஊதாச்சோளக் கஞ்சி விற்கும் எவுசேபியா கேட்கிறாள்: "யாருக்காகக் காத்திருக்க, கண்ணு?" சுல்மாவின் உதடு அசைந்து, நின்றுவிடுகிறது. "காலேஜுப் புள்ளக்கா. நம்மகிட்டப் பேசினா வாய் தேஞ்சிடும்," என்கிறாள் பக்கத்து உருளைக்கிழங்குக்காரி. "சும்மா இருடி. பாவம், வாய் பேசாத புள்ள போல," என்கிறாள் எவுசேபியா. வாங்கிக் குடித்தவர்களுக்கு மட்டும் ஊற்றுகிற கொசுறை, எதுவுமே வாங்காதவளுக்குக் கோப்பை நிறைய ஊற்றி நீட்டுகிறாள். சுல்மா இரண்டு கையாலும் வாங்கிக் குடிக்கிறாள். பிறகு குனிந்து எழுதுகிறாள்: "கஞ்சிக்காரி, வாய் பேசாத ஒரு பெண்ணுக்குக் கொசுறு கொடுத்தாள்."