பளபளக்காத பூட்டு

“பன்னெண்டு மணிக்குக் கடைய சாத்திருவோம் தம்பி, இன்னக்கி வெள்ளிக்கிழமை, ஜும்மா. அதுக்கு முந்தி முடிவு சொல்றேன். ஒங்கட பூட்ட எடுத்து வைங்க.”

கண்டியில், கட்டுகஸ்தோட்டை வீதி இரும்புச் சாமான் கடை. கணவர் பாரிசவாதத்தில் விழுந்த பிறகு கைரியாதான் கல்லாவில் இருந்தாள். மேசையில் வேறு இரண்டு கம்பனிகளின் பூட்டுகள் ஏற்கெனவே கிடந்தன.

இராஜரத்தினம் பையைத் திறந்தான். யாழ்ப்பாணத்து ஆள். கொழும்புப் பூட்டுக் கம்பனி ஒன்றின் விற்பனையாளனாகக் கண்டிக்கு வந்து ஆறு மாதம். இந்த மாதக் கணக்கில் பத்து டசின் குறைகிறது. அதை ஈடுகட்டாவிட்டால் வேலை இல்லை என்று முதலாளி கடிதமே எழுதியிருந்தார். அவனுக்குப் பயமில்லை. எண்பத்து மூன்று கலவரம் முடிந்து வருடம் திரும்பப் போகிறது. சனம் பூட்டை அரிசி மாதிரி வாங்குகிறது.

“முழுப் பித்தளை அக்கா. முகம் பாக்கலாம்.”

“அழகுதான். மாப்பிள்ள வீட்டுக்குக் குடுக்கலாம். என்ட கடைக்கு வாறவங்களுக்குச் சரிவராது.”

“விலையைக் குறைப்பம்.”

“வெலைய யாரு கேட்டா? இந்த ரெண்டு கம்பனியும் ஒங்களவிட மலிவு. அவங்களையும் வேணாண்டுதான் சொல்லப்போறேன்.”

முதல் கம்பனிப் பூட்டை அழுத்தினாள். ‘டக்’கென்றது.

“இந்தச் சத்தம் சந்தி வரைக்கும் கேக்கும்.”

இரண்டாவதை அலுமாரிக் கொண்டியில் மாட்டிப் பூட்டினாள். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, இடக் கையால் மட்டும் திறக்கப் பார்த்தாள். சாவி துவாரத்தைத் தேடித் தேடிக் கீழே விழுந்தது.

“பாக்காமப் பூட்டுத் திறக்கிறது ஆர் அக்கா? குடிச்சிட்டு வாற ஆம்பிளையளோ?”

“அவங்களுக்கு எதுக்குப் பூட்டு? கதவையே ஒதைப்பாங்களே!” சிரித்தாள். “எடுக்கிறவங்க கேக்காங்க தம்பி. நான் தேடுறேன்.”

இராஜரத்தினம் யோசித்தான். சத்தம் கூடாது. பார்க்காமல் திறக்க வேண்டும். பளபளக்கக் கூடாது. பையின் அடியில் ஒன்று கிடந்தது நினைவுக்கு வந்தது. களஞ்சியத்து ஈரத்தில் கறுத்துப்போன இரும்புப் பூட்டு. திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

“இது கழிச்சு விட்ட சரக்கு அக்கா. வேலை செய்யும். நிறந்தான் செத்துப்போச்சு.”

கைரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொண்டியில் மாட்டி அழுத்தினாள். சத்தமில்லை. முகத்தைத் திருப்பினாள். இடக் கை. சாவி ஒரே தடவையில் உள்ளே போனது.

“எத்தின டசின் இரிக்கி?”

“இருபது.”

“இருபதையும் எறக்குங்க. ஜூலை பொறக்க முந்தி வந்திரணும்.”

அவன் ஓடர் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் எழுதினான். பத்துக்கு இருபது! அதுவும் ஒருவரும் தொடாத சரக்கு. இனி முதலாளி கடிதம் எழுதட்டும் பார்ப்போம்.

“ஒண்டு மட்டும் சொல்லுங்கோ அக்கா. வீட்டைப் பூட்டிப்போட்டு ஊருக்குப் போற சனம் புதுப் பூட்டெல்லோ கேக்கும்?”

கைரியா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஊருக்குப் போறவங்க இல்ல. போக எடமில்லாதவங்க. ஒங்கட ஆக்கள்தான். கூட்டம் வாற நேரம் பக்கத்து வீட்டாள் வெளியால பூட்டிடுவாரு. பழைய பூட்டக் கண்டா, வீட்டுல ஆளில்லண்டு தாண்டிப் போயிருவாங்க. பொறகு, உள்ளுக்கு இரிக்கிறவங்க சாவியோட ஜன்னலால கைய விட்டுத் தொறந்துக்குவாங்க.”

இராஜரத்தினத்தின் பேனா நின்றது.

அவள் அந்தக் கறுத்த பூட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

“ஒங்கட ரூம்ல கதவுக்குப் பக்கத்திலயா ஜன்னல் இரிக்கி, தம்பி?”