ஒவ்வொரு வருஷமும் ஒரு கரை

மெக்சிகோவின் சோனோரா பாலைவனக் கடற்கரையின் ஜனவரிக் குளிரில், பக்கத்துக் கூடாரத்து வயதான தம்பதியைப் பார்க்கப் பார்க்கப் புது மணப்பெண் யாதிராவுக்குப் பொறாமையாக இருந்தது.

"வருஷா வருஷம் இப்படி ஜோடியா வண்டியில கிளம்பிடுவீங்களாம்மா?"

"ஆமா கண்ணு. ஒவ்வொரு தடவையும் வேற கரையில தங்குவோம்," என்று காபியை நீட்டினாள் எலோதியா.

"குடுத்து வச்சவங்க! எங்காளு ஒரு ராத்திரிக்கே மூக்கால அழறாரு."

விடிந்ததும் யாதிரா வெளியே வந்தாள். எலோதியாவின் கணவர் நீண்ட இரும்புக் கம்பியை மணலில் ஆழமாக இறக்கி உருவினார். எலோதியா அதன் நுனியை முகர்ந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"எம்மவனைக் கடத்திட்டுப் போனவங்க, இந்தக் கடலோரத்துலதான் எங்கேயோ புதைச்சிட்டாங்களாம். கீழே பொணம் இருந்தா கம்பியில வாடை வரும்."

"வருதா?" என்றார் கணவர்.

"இல்ல. வெறும் உப்பு."

அவர் யாதிராவின் பக்கம் தயக்கத்தோடு திரும்பினார்.

"உங்க கூடாரத்தை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களாம்மா?"