இடதோரத்தில் நீலச் சிப்பாய்

அமகாசாகி ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள விளையாட்டுக்கூடத்தில் ஞாயிறு மதிய வெயில் கண்ணாடிக் கதவோடு நின்றுவிடுகிறது. இருவர் சேர்ந்து சுடும் பழைய ஆட்டத்தின் முன், இருவர் அமரும் பெஞ்சின் ஒரு பாதியில் டொக்குகோ உட்கார்ந்திருக்கிறாள். இருபது வருடப் பழக்கம், கை தானாகவே இரண்டு நாணயங்களைப் போட்டு இரண்டு பொத்தான்களையும் அழுத்திவிட்டது. அவளுடைய சிவப்புச் சிப்பாய் ஓடிப்போய்த் திரையின் வலதோரத்தில் முட்டுகிறான். கணவர் கியோஹருவின் நீலச் சிப்பாய் இடதோரத்தில் அசையாமல் நிற்கிறான். இருவரும் சேர்ந்து நடந்தால்தான் திரையிலுள்ள காடு நகரும். "அசமந்தம்! உன்னால நானும் நகர முடியாம நிக்கறேன் பாரு" என்று எப்போதும் அவர்தான் திட்டுவார். அவர் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு நேற்றுதான் முடிந்தது. சிகரெட் சாம்பல் கிண்ணத்தைத் துடைக்க வந்த கூடத்துக்காரர் முரோய், திரையைப் பார்த்துத் தயங்குகிறார். "அண்ணி, அந்த நீலத்த அப்படியே விட்டுடுங்க. அதோட மூணு உயிரும் போச்சுன்னா திரை தானா நகந்துடும்." "வாயக் கழுவுடா, முரோய்." சிவப்புச் சிப்பாய் திரும்பி ஓடி வந்து நீலத்தின் முன்னால் நிற்கிறான். வருகிற ரவைகளையெல்லாம் மார்பில் வாங்குகிறான். ஒன்று, இரண்டு, மூன்றாவது உயிரும் போகிறது. மரங்களுக்கு நடுவே இப்போது நீலச் சிப்பாய் மட்டும். டொக்குகோ கண்ணாடியைக் கழற்றி, திரையை நோக்கிக் குனிகிறாள். "இப்பவாவது தெரியுதா, ஒத்தையில நிக்கறது எப்படின்னு?"