ஐந்தாவது மறுப்பறிக்கை

"நேற்றிரவு இலுப்பையடிச் சந்தை எரிந்ததற்கும் அரசாங்கத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை" என்று தமிழில் எழுதினார் அரசாங்க மொழிபெயர்ப்பாளர் சோமசேகரம். அடியிலிருந்த கையொப்பம், வெள்ளிக்கிழமைத் தேதி எல்லாவற்றையும் விடாமல் எழுதி முடித்துப் பேனையை வைத்தார். அந்த வருடம் அவர் மொழிபெயர்த்த ஐந்தாவது மறுப்பறிக்கை அது. கை தன்பாட்டில் எழுதியது, மனம்தான் களைத்துப் போயிருந்தது.

ஆங்கில மூலத்தைக் கொண்டுவந்து கொடுத்த பியோன் பஞ்சலிங்கம் இன்னும் வாசலில் நின்றார்.

"நாளைக்குக் குடுத்தால் போதுமாம், சேர். அவசரமில்லையாம்."

"எரிஞ்சு முடிஞ்சதுக்கு இனி என்ன அவசரம்?"

மேசையில் மத்தியானச் சாப்பாடு ஆறிக்கிடந்தது. மனைவி ஆசையாய் வைத்துக் கொடுத்த மீன் குழம்பு. சோமசேகரத்துக்கு அதைத் திறந்து பார்க்கவே பிடிக்கவில்லை. அறிக்கையைத்தான் திரும்பவும் படித்தார்.

படையினர் ஒருவரும் இரவு முகாமை விட்டு வெளியேறவில்லையாம். ஒருவரும் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லியிருந்தார்கள். உயிர்ச்சேதம் ஏதும் நேர்ந்திருந்தால் அதற்கும் பொறுப்பேற்க முடியாதாம்.

"பாரும் பஞ்சலிங்கம். நேர்ந்திருந்தாலாம். செத்ததுகளை எண்ணிப் பாக்கக்கூட உவங்களுக்கு மனமில்லை."

"ஊரிலை ஒருத்தரும் இதைப்பற்றிக் கதைக்கினமில்லையே, சேர்."

"பயத்திலை ஆர் கதைப்பினம்?"

பஞ்சலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "எங்கடை குணலட்சுமியின்ரை தேப்பன் அங்கைதானே கடை வைச்சிருக்கிறார்?"

அறிக்கையைக் கண்டதிலிருந்து சோமசேகரத்தை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான். தட்டெழுத்து வேலை பார்க்கும் குணலட்சுமி லீவும் சொல்லவில்லை, வேலைக்கும் வரவில்லை. தாயில்லாத பெண். தகப்பன் ஆழ்வாப்பிள்ளை இரவில் கடைக்குள்ளேயே பாயை விரித்துப் படுப்பவர். இந்த அறிக்கையைத் தட்டெழுத வேண்டியவளும் அவள்தான்.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. குணலட்சுமி மூச்சு வாங்க வந்து நின்றாள். சோமசேகரம் எழுந்தார். அவள் இருக்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"குறை நினையாதேங்கோ, சேர். பிந்திப்போச்சு" என்று ஒரு சின்ன ஓலைப்பெட்டியை மேசையில் வைத்தாள். "காலமை கடைக் கூரைக்குப் புதுக் கிடுகு வேய்ஞ்சவை. உங்களுக்குக் குடுக்கச் சொல்லி அப்பு மோதகம் தந்துவிட்டவர்."

"எந்தக் கடைக்கு?"

"எங்கடை கடைக்குத்தான், சேர். இலுப்பையடியிலை இருந்துதான் நேர வாறன்."

"சந்தை?"

"சந்தைக்கு என்ன? நல்ல சனம் இண்டைக்கு. ஏன் சேர் ஒருமாதிரிப் பாக்கிறியள்?"

சோமசேகரம் ஆங்கில மூலத்தின் கடைசித் தாளைப் புரட்டினார். வெள்ளிக்கிழமை. நிமிர்ந்து சுவர்க் கலண்டரைப் பார்த்தார். வியாழன். தன் கையாலேயே எழுதிய தேதி நாளையது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

போய்க் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, அடுத்த பஸ்ஸிலை திரும்பிப் போ. இண்டைக்கு இரவு அப்புவைக் கடையிலை படுக்க விடாதை."