பவளத் திட்டில் அலை உயரும்

அலங்காநல்லூருக்கு மேற்கே, மழை மறந்துபோன சிற்றூர் ஒன்றில், பஞ்சாயத்து ரேடியோ அந்தி வெயிலில் கரகரக்கிறது. வீடுதோறும் மழைச்சோறு ஏந்தி அம்மனுக்குப் படைத்துவிட்டு வந்த பெண்கள் ஒலிபெருக்கியின் கீழே மூச்சடக்கி நிற்கிறார்கள். சோற்றுப்பானை சுமந்து அவர்களுக்கு முன்னே நடந்தவள் ஒச்சாயி. கடலில் புயல் உருவாகியிருக்கிறது, மதுரை வட்டாரத்தில் பெருமழை பெய்யும் என்ற சொல் விழுந்ததுமே குலவை வானைத் தொடுகிறது. "ஒன் வேண்டுதலு பலிச்சிருச்சுடி ஒச்சாயி! அம்புட்டுக் கண்மாயும் நெறையப் போகுது" என்று சீனியம்மாள் அவள் தோளை உலுக்குகிறாள். செய்தி இன்னும் முடியவில்லை. பாம்பனுக்குத் தெற்கே பவளத் திட்டுகளின்மேல் அலைகள் பனையளவு எழுந்து உடையும், மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்கிறது அந்தக் குரல். "செத்த சும்மா இருங்கடி, கடல் சேதி சொல்றான்" என்று கெஞ்சுகிறாள் ஒச்சாயி. "கடலுக்கும் நமக்கும் என்னடி? நீ என்ன மீனா பிடிக்கப் போற?" என்று ஒருத்தி சிரிக்கிறாள். காய்ந்த வயலை விட்டுப் படகுக் கூலியாகப் போன கருத்தக்கண்ணன், ஒச்சாயி பெற்ற ஒரே பிள்ளை, இன்று அந்தத் திட்டுக்குத்தான் போவதாக பாம்பனிலிருந்து வந்த லாரிக்காரரிடம் அவளுக்கு மட்டும் சொல்லியனுப்பியிருக்கிறான். கண்மாயில்கூட நீந்திப் பழகாதவன். மேகம் நீர் முகக்கும் அதே கடலின் நடுவே அவன் இருக்கிறான். கிழக்கே வானம் யானைக்கூட்டமாய்த் திரள்கிறது. குலவை ஓயவில்லை. அந்த ஒலிக்குள் யாரும் கேளாதபடி, ஆண்டு முழுதும் மழை கேட்ட வாயால், "பெய்யாத தாயி, பெய்யாத" என்று ஒச்சாயி அம்மனை இரக்கிறாள்.