ஏழு பேரும் வீட்டுக்குப் போனார்கள்

சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் வாடகை கேசட்டில் ஒரு கொலைப் படம் பார்த்தார்கள். ஓடும் ரயிலில், பூட்டிய ஒரே பெட்டிக்குள் ஏழு பயணிகளும் ஒரு கொலைகாரனும். கத்தி தெரிந்ததுமே தங்கை போர்வைக்குள் போய்விட்டாள்.

"என்னண்ணா ஆச்சு?"

"ரயில் கார்டு சாவி கொண்டாந்துட்டார். ஏழு பேரும் வீட்டுக்குப் போறாங்க."

"அப்புறம் ஏன் கத்துறாங்க?"

"சந்தோஷத்துலடி, பயந்தாங்கொள்ளி. நான் சொல்றப்ப போர்வையை எடு, போதும்."

அண்ணன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது செவிலியராக இருக்கும் தங்கை, ஒரு விடுமுறை மதியம் அதே படத்தை இணையத்தில் முழுதாகப் பார்த்தாள். கார்டு என்று யாருமே வரவில்லை. ஏழு பேரும் செத்தார்கள். அத்தனையையும் அண்ணன் தனியாகப் பார்த்துக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தக் குரலை இன்னொரு முறை கேட்டால் போதும் என்றிருந்தது.

படத்தின் கீழே பார்த்தவர்களின் கருத்துகள் நாற்பத்தொன்று இருந்தன. "ரத்தம் தக்காளிச் சாறு மாதிரி இருக்கு" என்றிருந்தார் ஒருவர். "அந்தக் கண்ணாடிக்காரரை மட்டுமாவது விட்டிருக்கலாம்" என்றிருந்தார் இன்னொருவர். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்திரண்டாவது வந்து சேர்ந்தது.

"கார்டு சாவி கொண்டாந்துட்டார். ஏழு பேரும் வீட்டுக்குப் போறாங்க."

படத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். ரயில் பெட்டிக்குள் இருந்தவர்கள் கத்தினார்கள். பிறகு பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அவள் எண்ணினாள். ஏழாவது ஆளும் போயாயிற்று.

போர்வையை எடு என்று இனி அண்ணன் சொல்வான் என உள்ளே அசையாமல் காத்திருந்தாள்.