காதில் ஒரு ரப்பர் குழாய்

“உன் வண்டிக்கு மட்டும் நான் வரமாட்டேன். ஆளை விடு.”

பெரியவர் டெஸ்மண்ட் இப்படி முகத்தில் அடித்தாற்போல் சொல்வார் என்று லோர்னா எதிர்பார்க்கவில்லை.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு பப்பின் பின்புறம். மாதத்தின் முதல் ஞாயிறு, கிட் கார் சங்கத்துக்காரர்கள் கூடும் நாள். பெட்டி பெட்டியாகப் பாகங்களை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாங்களே பூட்டிய கார்கள். எல்லாவற்றுக்கும் பானெட் திறந்திருந்தது.

லோர்னாவும் ஒன்று பூட்டிக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டிவிட்டு வந்து, தனி ஆளாக. மிச்சம் இருந்தது ஒன்றுதான். இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டப் பழைய பாணிக் கார்புரேட்டரா, தானே சரிசெய்துகொள்ளும் இன்ஜெக்‌ஷனா? இந்த வாரம் வாங்கியாக வேண்டும். அடுத்த மாதம் அரசாங்கச் சோதனை.

அவளுக்குக் கார்புரேட்டர் மேல்தான் ஆசை. கிளம்பும்போது காற்றை இழுக்கிற அந்தச் சத்தம்! ஆனால் இன்ஜினில் பூட்டும் இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி அடிக்கடி சரிபார்க்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையை ஒவ்வொன்றின் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, இரைச்சலைக் கேட்டு ஸ்க்ரூவைத் திருப்புவது டெஸ்மண்டுக்குக் கைவந்த வேலை. அவர் இல்லாமல் கார்புரேட்டர் வாங்கிப் பயனில்லை.

“இன்ஜெக்‌ஷன் வண்டின்னா மிக்ஸி மேல உட்கார்ந்து போற மாதிரின்னு நீங்கதானே சொல்வீங்க?”

“சொன்னேன். நீ மிக்ஸியே வாங்கிக்கோ.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டெஸ்மண்ட் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு சங்கத்து நைஜலின் காரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆண்கள் கூப்பிட்டால் ஓடுகிறார். பஸ் ஓட்டுகிற பொம்பளை கூப்பிட்டால் கசக்கிறதோ? பேக்கன் பன்னைக் கடித்தபடி லோர்னா அவரையே பார்த்தாள்.

டெஸ்மண்ட் குழாயைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினார். மறுபடி கொஞ்சம்.

“ஆகா! இப்பப் பாருங்க, வெண்ணெய் மாதிரி ஓடுது!” என்று நைஜல் கை தட்டினான்.

லோர்னாவுக்குப் புரியவில்லை. இன்ஜின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையே! பஸ் இன்ஜினோடு காலம் தள்ளியவள் அவள்.

நைஜலைத் தனியே இழுத்தாள். “அவர் திருப்பினாரு, ஒண்ணுமே மாறலையே. எதுக்குக் கை தட்டினே?”

“ஷ்! மெல்லப் பேசு. அது கார்புரேட்டரே இல்ல.”

“என்னது?”

“வெளியிலதான் அப்படி. உள்ள இன்ஜெக்‌ஷன். அப்படியே செஞ்சு விக்கிறாங்க. அந்த ஸ்க்ரூ எதையும் தொடாது, சும்மா சுத்தும்.”

“ஏன் இந்தக் கூத்து?”

“கிழவருக்குக் காது போயிடுச்சு. நாம பேசுறது கேட்குது. குழாயில வர்ற அந்த மெல்லிசான இரைச்சல்தான் கேட்கல. போன வருஷம் என் வண்டி ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டாரு, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வழியெல்லாம் நின்னுச்சு. உங்களால இனிமே முடியாதுன்னு அவர்கிட்ட யார் சொல்றது? அதான் எல்லாரும் ஒவ்வொருத்தரா மாத்திட்டோம்.”

“எல்லாருமா?”

“இங்க நிக்கிற அத்தனை வண்டியும். நீயும் அதையே வாங்கு. அவர்கிட்ட மட்டும் கார்புரேட்டர்னு சொல்லிடு.”

லோர்னாவின் கோபம் கரைந்தது. ஆனால் கேள்வி போகவில்லை. எல்லார் வண்டியையும் தொடுகிறவர் தன் வண்டியை மட்டும் ஏன் வேண்டாம் என்கிறார்?

டெஸ்மண்ட் சுவரோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். லோர்னா பக்கத்தில் போய் நின்றாள்.

“நான் கார்புரேட்டரே வாங்கிடறேன், டெஸ்மண்ட். நீங்க வந்தே ஆகணும்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“பிடிவாதம் பிடிக்காதேம்மா. நீ நிஜமாவே கார்புரேட்டர் வாங்கிட்டு வந்து நிப்பே. நான் கெடுத்துடுவேன். எனக்குக் காது கேட்கல.”

லோர்னா வரிசையாக நின்ற கார்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப இவங்க வண்டியெல்லாம்?”

“அதுல கெடுக்கிறதுக்கு என்ன இருக்கு? அந்த ஸ்க்ரூ எதையுமே தொடலையே!”

“உங்களுக்குத் தெரியுமா?”

“காதுதானே போச்சு? மூக்கு இருக்குல்ல. கார்புரேட்டர் பக்கத்துல குனிஞ்சா பெட்ரோல் வாசனை அடிக்கும். இங்க ஒரு வண்டியிலயும் அது இல்ல.”

“டெஸ்மண்ட்! அடுத்தது என் வண்டி!” என்று தூரத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

“இதோ வந்துட்டேன்!” அவர் கோப்பையை வைத்துவிட்டுக் குழாயை எடுத்தார். “நீயும் இவங்க வாங்கின மாதிரியே ஒண்ணு வாங்கு. நான் வந்து ஸ்க்ரூவைத் திருப்பறேன்.”

“எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு இப்படிக் குனிஞ்சு நிமிர்ந்து கஷ்டப்படறீங்க? சொல்லிடலாமே?”

“எப்படிம்மா சொல்றது? என் மனசு நோகக்கூடாதுன்னு இவ்வளவு பேரும் இன்ஜினையே மாத்தி வச்சிருக்காங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், அவங்க மனசு நொந்துபோயிடும்.”